கடவுச்சீட்டுக் கேட்காத மலை

போன கிழமை நாங்கள் போட்ட படத்துக்குக் கீழே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். "அது சுவிஸா, பிரான்ஸா?" பதில் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், ஒரு வரியில் சொல்ல முடியாது என்பதுதான். படத்தில் இருக்கும் நாலு கால்களில் இரண்டு சுவிஸில் நிற்கின்றன, இரண்டு பிரான்ஸில் நிற்கின்றன. நடுவில் பனிக்குள் தலை மட்டும் தெரியும் கல், எல்லைக்கல்.

கொஞ்சம் நீளமான பதிவு இது. பிள்ளைகளின் விடைத்தாள்கள் திருத்தி முடித்த தைரியத்தில் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் நாங்கள் இருவர். கோப்பாய்க் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் அறிமுகமாகி, கலியாணமாகி, இப்போது இரண்டு பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். இதில் எந்த வரி யாருடையது என்று கேட்காதீர்கள். ஒருவர் எழுத மற்றவர் சிவப்புப் பேனை எடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நானாவும் அப்படித்தான், எங்களில் ஒருவருக்குக் கூடப்பிறந்தவர், மற்றவருக்கு மச்சான். சுவிஸில் இருக்கிறார். அவர் கூப்பிட்டுத்தான் ஒரு டிசெம்பர் விடுமுறையில் போனோம். விசா எடுத்த கதையை இங்கே எழுதப் போவதில்லை. ஆசிரியர் இருவர் திரும்பி வருவார்கள் என்று நிரூபிக்க எத்தனை காகிதம் வேண்டும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

நானா இருக்கும் ஊர் மோர்ஜான். வாலே மாநிலத்தில், மொந்தே என்ற பட்டணத்திலிருந்து மேலே வளைந்து வளைந்து போகும் பாதையில், ஏறக்குறைய 1,350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, மரவீடுகள். கோடையில் மாட்டு மணிச் சத்தம், குளிர்காலத்தில் அதுவும் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்கு வெளியே வந்தால், நோன்பு திறக்கும் நேரத்துச் சோனகத் தெரு போல ஆளரவமே இராது. (எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.)

ஆனால் இந்த அமைதியான ஊர், உலகத்தின் பெரிய பனிச்சறுக்கு வெளிகளில் ஒன்றின் வாசற்படி. போர்த் து சொலெய் என்று அதற்குப் பெயர், 'சூரியனின் வாசல்கள்' என்று பொருள். சுவிஸிலும் பிரான்ஸிலுமாகப் பன்னிரண்டு ஊர்கள் சேர்ந்து ஒரே அனுமதிச் சீட்டில் நடத்துகின்றன. எல்லாத் தடங்களையும் கூட்டினால் 600 கிலோமீற்றர் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், திரும்பி வருகிற வழியில் புத்தளத்தையும் தாண்டுகிற தூரம். அவ்வளவும் பனிமேல்.

ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இடையில் மலை. முன்பு ஒரு ஊராருக்குப் பக்கத்து ஊர் போவதென்றால் மலையைச் சுற்ற வேண்டும், அல்லது கணவாயால் நடக்க வேண்டும். இப்போது கம்பியில் தொங்கும் கதிரையில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முகடு, அங்கிருந்து மறுபக்கம் வழுக்கினால் அடுத்த ஊர். அங்கே இன்னொரு கதிரை. இப்படியே ஒரு சங்கிலி. மோர்ஜானின் ஒரு பக்கத்து மலையில் ஏறினால் ஷாம்பேரிப் பக்கத்துச் சுவிஸ் ஊர்களுக்குப் போகலாம். மற்றப் பக்கத்தில் ஏறினால் பிரான்ஸின் ஷாத்தெல். சங்கிலி ஊருக்குள் வரும்போது மட்டும் அறுகிறது. சனம் கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்குள்ளால் நடந்து மறுகரைக்குப் போகிறது. பேக்கரிக்காரருக்கு வருமானம் அந்த நடையில்தான்.

பிரான்ஸ் பக்கத்திலும் இப்படி ஓர் அறுந்த இடம் ஷாத்தெலில் இருந்ததாம். 2014இல் இரண்டு கதிரை லிப்ட்கள் போட்டு அதை இணைத்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் 'கபெலூ'. பழைய பிரான்ஸில் உப்புவரி வசூலித்தவர்களைச் சனம் நக்கலாக அழைத்த பெயர் அது, பிறகு எல்லாச் சுங்க அதிகாரிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. எல்லையைக் கடந்து விளையாடுகிற இடத்தில் சுங்கக்காரன் பெயரில் லிப்ட்! அந்தக் கணவாய்கள் ஒரு காலத்தில் கடத்தல் பாதைகள். புகையிலை முதுகில் ஏறி இரவில் மலை கடந்திருக்கிறது. ஷாத்தெலில் பழைய சுங்கச்சாவடியை அதற்கென்றே ஒரு காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். புகையிலையும் கடத்தலும் என்றதும் எங்களுக்கு வல்வெட்டித்துறை ஞாபகம் வந்தது. அவர்களுக்கு மலை, எங்களுக்குக் கடல்.

சரி, சறுக்கின கதைக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் மலை என்று பெயரில் உள்ளது கீரிமலை மட்டும்தான். அதுவும் பெயரில் மட்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன எங்களை நானா முதல் நாளே சப்பாத்துக் கடைக்குக் கூட்டிப்போனார். ஸ்கீச் சப்பாத்து என்பது சப்பாத்தில்லை, கணுக்காலுக்குப் போடும் விலங்கு. அதைப் போட்டு நடந்தால் எல்லோரும் ஒரே மாதிரிக் குதிக்காலைக் குத்திக் குத்தித்தான் நடக்க வேண்டும், பணக்காரரும் அப்படித்தான். கட்டை காலில் பூட்டியிருக்கும். விழும்போது விசை கூடினால் தானாகவே கழன்றுவிடும். அந்தப் பூட்டை ஆளின் நிறை, உயரம், வயது கேட்டு ஒரு பெடியன் திருகாணியால் சரிசெய்தான். நிறையைக் கேட்டபோது எங்களில் ஒருவர் நாலு கிலோ குறைத்துச் சொன்னார். நானா பிரெஞ்சில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

தொடக்கக்காரருக்கு ஊரின் விளிம்பிலேயே ஒரு சின்னச் சரிவு உண்டு. உருளும் கம்பளம் ஒன்று மேலே கொண்டுபோய் விடும். மூன்று வயதுப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போயின. கட்டைகளின் முன் நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஆப்பு மாதிரி வைத்தால் வேகம் குறையும். அது முதல் பாடம். இரண்டாவது பாடம்தான் கஷ்டம். சரிவைப் பார்த்துப் பயந்த உடம்பு தன்பாட்டில் பின்னுக்குச் சாயும். பின்னுக்குச் சாய்ந்தால் பாரம் குதிக்காலுக்குப் போய், கட்டை உங்கள் சொல் கேட்காது, வேகம் இன்னும் கூடும். விழாமல் இருக்க வேண்டுமென்றால் பள்ளத்தைப் பார்த்து முன்னுக்குச் சாய வேண்டும்.

"முழங்காலை மடக்கி முன்னுக்குக் குனியுங்கோ. பள்ளம் உங்களை ஒண்டும் செய்யாது," என்று நானா கத்திக்கொண்டே நின்றார்.

பதினைந்து வருடமாக ஒருவருக்கொருவர் பாடக்குறிப்புத் திருத்துகிற எங்களுக்கு, இப்படித் திருத்தப்படுவது புதிது. நாலாம் நாள் நீலத் தடத்தில் இறங்கினோம். நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸ் பக்கத்தில் நீலத்துக்கும் கீழே பச்சை என்று ஒன்று உண்டு. கறுப்பிலும் கறுப்பு, எல்லை முகட்டிலிருந்து சுவிஸ் பக்கம் விழுகிற ஷாவனெத். 'சுவிஸ் சுவர்' என்று பெயர். மேலே நின்று பார்த்தால் கீழே தடம் தெரியாது, வானம்தான் தெரியும் என்று நானா சொன்னார். பயந்தவர்கள் கதிரையிலேயே கீழே இறங்கலாம். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு பக்கக் கதை. அந்த மலையில் எல்லோரும் முகம் மூடித்தான் திரிகிறார்கள். தலைக்கவசம், கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, மூக்குவரை இழுத்த துணி. முகம் மூடுவதைத் தடைசெய்ய 2021இல் வாக்களித்து, 2025 ஜனவரி 1 முதல் சட்டமாக்கிய நாடு அது. காலநிலைக்காக மூடினால் குற்றமில்லை என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. எங்களில் ஹிஜாப் போடுபவருக்கு அந்த ஊரிலேயே ஆகக் குறைந்த பார்வை விழுந்த இடம் பனிச்சரிவுதான். அவ்வளவுதான் சொல்ல வந்தோம்.

சாப்பாடு பிரச்சினையில்லை. அந்த ஊரின் பேர்போன ஃபொண்டுவில் வெள்ளை வைன் ஊற்றுவார்கள், அது எங்களுக்கு ஆகாது. நானா வீட்டில் ரக்லெத் செய்தார். பெரிய பாற்கட்டியைச் சூட்டில் உருக்கி, அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுவது. பக்கத்தில் அவர் வைத்த கட்டைச்சம்பலைப் பார்த்தால் சுவிஸ்காரர் மயங்கிவிடுவார்கள்.

ஐந்தாம் நாள் காலையில், "இண்டைக்கு மேல போவம்," என்றார்.

கதிரை லிப்டில் மூவரும் ஏறினோம். படிப்பிக்கிற புத்தி விடாது. கதிரை வேகமாக வருகிறது, ஆனால் ஏறும் இடத்தில் மட்டும் மெதுவாகிறது, எப்படி? கயிறு நிற்பதில்லை. கதிரையின் பிடிதான் கயிற்றை விட்டுக் கழன்று, மெதுவாக நகரும் ஒரு தண்டவாளத்துக்கு மாறி, ஆளை ஏற்றியபின் திரும்பக் கயிற்றைப் பிடிக்கிறது. ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் கிடைத்த சந்தோசத்தில் கீழே பார்க்கவில்லை. பார்த்தபோது மரங்கள் கால்களுக்குக் கீழே நின்றன. அந்தப் பக்கம் தோன் து மிடி, ஏழு பல் வைத்த மலை, 3,257 மீற்றர். வெயிலில் பல் விளக்கின மாதிரி நின்றது.

முகட்டில் இறங்கினோம். அகலமான, மட்டமான இடம். ஒரு பலகை, ஒரு வேலித்துண்டு, அந்தக் கல். அவ்வளவுதான் எல்லை. சனம் வருகிறது, கட்டையை ஒரு தட்டுத் தட்டுகிறது, அடுத்த நாட்டுக்குள் வழுக்குகிறது. ஒரு தகப்பன், அவர் பின்னால் மூன்று பிள்ளைகள், வாத்துக்குஞ்சு வரிசையில். ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. முகமாலையிலும் ஓமந்தையிலும் பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, பெயரை இரண்டுதரம் சொல்லி வளர்ந்த ஆட்கள் நாங்கள். அதில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

நானா கல்லுக்குப் பக்கத்தில் பனியைத் தட்டி இருந்தார். பிளாஸ்கைத் திறந்தார். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். குடும்பத்தில் ஒருவருக்கும் முன்பு சொன்னதில்லை.

1990 ஒக்டோபர் 30. அவருக்குப் பதினெட்டு வயது. எங்களில் ஒருவர் கைக்குழந்தை, மற்றவர் இன்னும் பிறக்கவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், இரண்டு மணி நேரம் தந்தார்கள். வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேறினார்கள், எங்கள் வீடும் அதில் ஒன்று. புத்தளத்தில் ஓலைக் கொட்டில். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வாப்பா இருந்த நகையெல்லாம் விற்று நானாவை அனுப்பினார்.

சுவிஸில் அகதி விண்ணப்பம் போடுகிறவர்களைச் சனத்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்குப் பங்கிட்டு அனுப்புவார்கள். ஊரை நீங்கள் தெரிவுசெய்ய முடியாது. பலர் சூரிச்சுக்கும் பேர்ணுக்கும் போனார்கள். நானாவின் பங்குக்கு விழுந்தது வாலே. அந்தக் காலத்தில் அகதிகளுக்குக் கிடைத்த வேலைகளில் முக்கியமானது ஹொட்டேல் சமையலறை. எங்கள் தமிழ்ச் சனத்தில் ஒரு தலைமுறை அந்த நாட்டின் கோப்பைகளைக் கழுவித்தான் ஊரில் வீடுகளைக் கட்டியது. நானா மோர்ஜானில் ஒரு சின்ன ஹொட்டேலில் கழுவத் தொடங்கினார்.

அவர் கையில் இருந்த அட்டைக்கு ஆங்கில எழுத்தில் பெயர், 'என்'. விண்ணப்பம் முடிவாகும்வரை தரும் அட்டை. அதை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியே போக முடியாது.

"பேருதான் 'என்' பெர்மிட். எனக்கு எண்டு ஒரு பெர்மிட்டும் அதில இல்லை," என்று சிரித்தார்.

சமையலறை யன்னலால் பார்த்தால் சரிவு தெரியும். மத்தியானம் பிரான்ஸிலிருந்து வழுக்கி வந்து சாப்பிடுவார்கள், சாப்பிட்டுவிட்டு பிரான்ஸுக்குத் திரும்பிப் போவார்கள். அவர்கள் தின்ற கோப்பையை நாட்டைவிட்டு நகர முடியாதவர் கழுவினார்.

பிரான்ஸில் அவருக்கு ஒரு ஆள் இருந்தார். பெயர் வேண்டாம். வண்ணார்பண்ணைக்காரர், வைத்தீஸ்வராவில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர். எங்கள் வீட்டில் பெருநாளைக்கு வட்டிலப்பம் தின்று வளர்ந்தவர், நானா அவர்கள் வீட்டில் பொங்கல் தின்று வளர்ந்தவர். நாங்கள் வெளியேறின நாளில் அவர் ஊரில் இருக்கவில்லை. பிறகு அவரும் வெளிக்கிட்டு, பிரான்ஸில் ஜெனீவா ஏரிக்கரையில் தொனோன் என்ற ஊரில் ஒரு உணவகத்தில் வேலை. வரைபடத்தில் இருவருக்கும் இடையில் விரலளவு. ரெலிபோன் அட்டை வாங்கிக் கதைத்தார்கள். இரண்டு பேருக்கும் காகிதம் முடிவாகவில்லை. இவர் அங்கே போகேலாது, அவர் இங்கே வரேலாது.

"ஹொட்டேலில மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, இரவுச் சாப்பாடு தொடங்கும் வரைக்கும் மூண்டு மணித்தியாலம் ஓய்வு. மற்றவங்கள் படுப்பாங்கள். நான் குசினிப் பெரியவரிட்டக் கேட்டன், எனக்கும் உதைப் பழக்கிவிடு எண்டு," என்றார் நானா.

சமையற்காரர் அந்த ஊர்க்காரர். பழைய கட்டை ஒரு சோடி இருந்தது, ஹொட்டேல் ஊழியருக்குச் சலுகைச் சீட்டும் இருந்தது. இலங்கைக்காரப் பெடியனுக்கு விளையாட்டில் ஆசை என்று அவர் நினைத்துக்கொண்டார். நானா ஒரு குளிர்காலம் முழுக்க விழுந்து எழும்பினார். எதற்கென்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள், முன்பே ரெலிபோனில் பேசி வைத்தபடி, நண்பர் தொனோனிலிருந்து பஸ் பிடித்து ஷாத்தெலுக்கு வந்து, அந்தப் பக்கத்து லிப்டில் கால்நடையாளர் சீட்டெடுத்து மேலே ஏறினார். சாதாரணச் சப்பாத்து, அதன் மேல் பொலித்தீன் பை சுற்றி. நானா இந்தப் பக்கத்திலிருந்து ஏறினார். லிப்டில் நின்றவன் பார்த்தது கழுத்தில் தொங்கிய சீட்டை மட்டும்.

ஒருவரும் கல்லைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் ஒருவரும் கண்டிருக்கப் போவதில்லை, ஆனால் தாண்டவில்லை. ஏனென்று கேட்டோம். "பிடிபட்டா எல்லாம் போயிரும். ஒரு அடிக்காக என்னத்துக்கு?" என்றார். அவர் சுவிஸில் நின்றார், இவர் பிரான்ஸில் நின்றார், இடையில் கல். சுற்றி வர நூற்றுக்கணக்கில் சனம் இரண்டு பக்கமும் கடந்துகொண்டிருந்தது. கல்லுக்கு மேலால் கையை மட்டும் நீட்டிக் கட்டிப்பிடித்திருக்கிறார்கள்.

நண்பர் ஒரு பொதி கொண்டுவந்திருந்தார். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து அவரிடம் சேர்ந்த பினாட்டு. அதைக் கல்லுக்கு மேலால் கொடுத்தார். அந்தக் கணவாயின் கடத்தல் சரித்திரத்தில் பினாட்டும் ஒன்று என்று எழுதி வைக்கலாம். எங்கள் வீட்டைப் பற்றியும் சொன்னார். கதவு நிலையெல்லாம் போய்விட்டது, ஓடும் போய்விட்டது, கிணற்றடி மாமரம் நிற்கிறது.

"எங்களை அனுப்பினதைப் பற்றிக் கதைச்சீங்களா?" என்று கேட்டோம்.

நானா பிளாஸ்க் மூடியில் மிச்சத் தேத்தண்ணியைப் பனியில் ஊற்றினார். "அவன் 'மச்சான், என்னை மன்னிச்சுக்கொள்' எண்டு தொடங்கினான். 'நீ என்னடா செய்தனி? குளிருது, தேத்தண்ணியை ஊத்து' எண்டு சொன்னன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எழுந்து, கட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அரை மணித்தியாலத்தில வாறன், இதில நில்லுங்கோ," என்று பிரான்ஸுக்குள் இறங்கினார். ஐம்பது வயது தாண்டின மனிதன். சிவப்புத் தடத்தில் அவர் வளைந்து வளைந்து போன அழகை எங்கள் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அரை மணித்தியாலத்தில் மற்ற லிப்டால் ஏறி வந்தார், கமக்கட்டுக்குள் ஒரு நீளமான பிரெஞ்சுப் பாண். அவர் இப்போது சுவிஸ் பிரசை. 'என்' போய், பிறகு வேறு எழுத்துகள் வந்து, பன்னிரண்டு வருடக் கணக்கு முடித்து எடுத்த கடவுச்சீட்டு வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. முகட்டில் அதை ஒருவரும் கேட்பதில்லை. 2008 டிசெம்பர் 12இல் சுவிஸ் ஷெங்கனில் சேர்ந்த பிறகு சட்டப்படியும் ஆள் சோதனை இல்லை. பொருளுக்குச் சுங்கம் உண்டு, ஏனென்றால் சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பாணுக்கு வரி கிடையாது என்று நினைக்கிறோம்.

இணைப்பு என்பது நிரந்தரம் என்று நினைத்துவிடக்கூடாது. கொரோனாவின் 2020-21 குளிர்காலத்தில் பிரான்ஸ் தன் லிப்ட்களைப் பருவம் முழுக்க மூடி வைத்தது. சுவிஸ் திறந்து வைத்தது. ஒரே சீட்டு, ஒரே மலை. முகட்டுக்கு இந்தப் பக்கம் சனம், அந்தப் பக்கம் ஒரு கோடுகூட விழாத வெள்ளை. நானா அப்போது அனுப்பிய படம் எங்களிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேறொரு பயமும் அந்த ஊருக்கு இருக்கிறது. அந்தப் பகுதியில் ஆக உயரமான தடமும் அப்படியொன்றும் பெரிய உயரத்தில் தொடங்குவதில்லை. ஊர்களெல்லாம் அதற்கு எவ்வளவோ கீழே. 2023 ஜனவரி முதலாம் திகதி சுவிஸின் வடபகுதியில் தெலெமோன் என்ற ஊரில் 20 பாகையைத் தாண்டியது. புதுவருட நாளில், அல்ப்ஸுக்கு வடக்கே! அந்தக் கிழமை அல்ப்ஸின் தாழ்ந்த சரிவுகளில் புல் தெரிந்தது. பனி பீய்ச்சும் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள், ஆனால் அவற்றுக்கும் காற்று உறைநிலைக்குக் கீழே இருக்க வேண்டும். குளத்தில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. பெரிய இடத்தோடு இணைந்திருப்பதால்தான் மோர்ஜான் பிழைக்கிறது. கீழே பனி இல்லாத நாளில் மேலே போகலாம், இங்கே இல்லாவிட்டால் முகட்டுக்கு அப்பால் இருக்கும். தனியாக நின்ற எத்தனையோ சின்னச் சரிவுகள் அல்ப்ஸில் லிப்டைக் கழற்றி விற்றுவிட்டன.

இதை எழுதும்போது எங்களுக்குத் தெரிந்த லிப்ட் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. சங்குப்பிட்டிப் பாலம். 2011 ஜனவரியில் திறந்தார்கள். 288 மீற்றர். அதற்கு முன்னால் பூநகரிக்கும் குடாநாட்டுக்கும் இடையில் பாதைப் படகு, போர்க்காலத்தில் அதுவும் இல்லை. புத்தளத்தில் பாதிக் குடும்பமும் யாழ்ப்பாணத்தில் பாதிக் குடும்பமுமாக இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பாலம் எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். காலையில் புத்தளத்தில் உம்மாவோடு தேத்தண்ணி குடித்துவிட்டு, மன்னார், பூநகரி, கேரதீவு என்று வந்து, மத்தியானச் சோற்றுக்குச் சோனகத் தெருவில் இருக்கலாம். மீளக்குடியேறலாமா விடலாமா என்று இழுபட்ட காலத்தில் எங்கள் வீட்டில் முடிவெடுக்க வைத்ததில் அந்தப் பாலத்துக்கும் பங்கு உண்டு. வந்து போகலாம் என்றால்தான் வந்து இருக்கலாமா என்று யோசிப்போம்.

திரும்பி வந்து புவியியல் பாடத்தில் படங்களைக் காட்டினோம். பிள்ளைகளுக்கு எல்லையும் அகதியும் பெரிதாகப் படவில்லை. "ரீச்சர், விழுந்தா நோகுமா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "சேர், எங்களுக்கு எங்க?" என்று மற்றப் பாடசாலையில் கேட்டார்களாம். யோசித்துப் பார்த்தால் இருக்கிறது. வடமராட்சி கிழக்கில் மணற்காடு. குடாநாட்டில் சரிவு என்று சொல்லக்கூடிய இடம் அந்த மணல்மேடுகள்தான். வெள்ளை வெளேரென்று, மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்களோடு. தென்னம் மட்டையில் குந்தி வழுக்கலாம். ஒரு சனிக்கிழமை இரண்டு பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போனோம். அனுமதிக் கடிதம் எடுக்க மூன்று கிழமை சென்றது, சுவிஸ் விசாவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. 'முன்னுக்குச் சாயுங்கோ' என்று நாங்கள் கத்தினோம். ஒரு பெடியன் தலைகீழாகப் போய் வாய் நிறைய மண்ணோடு எழும்பி, "சேர், இன்னொருக்கா" என்றான்.

போன ஓகஸ்டில் நானா ஊருக்கு வந்தார். நண்பரும் அதே கிழமை வந்திருந்தார், நல்லூர்த் திருவிழாவுக்கு. இப்போது பிரான்ஸ் பிரசை, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார். ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய மாமரம் இல்லை, அதன் இடத்தில் இப்போது தண்ணீர்த்தாங்கி. அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருவரும் இருந்தார்கள். தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் கொடுத்தோம்.

மலையில் சந்தித்தது பெப்ரவரியா மார்ச்சா என்று சண்டை தொடங்கியது. நானா பெப்ரவரி என்கிறார், ஏனென்றால் சமையற்காரருக்கு அந்த மாதம்தான் லீவு. நண்பர் மார்ச் என்கிறார், ஏனென்றால் பினாட்டுக் கொண்டுவந்த ஆள் பிரான்ஸில் இறங்கியது மார்ச்சில்தானாம். மஃரிப் பாங்கு கேட்டது. நானா எழும்பிப் போய்த் தொழுதுவிட்டு வந்து, கதிரையில் இருந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"டேய், மார்ச்சில அங்க வெயில் அடிக்கும். நீ அண்டைக்கு நடுங்கிக்கொண்டு நிண்டனி."